மனிதச் செல்லின் உட்கருமணி: நுண்ணமைப்பும் செயலும்

உட்கருமணி என்பது மெய்க்கருச் செல்களின் உட்கருவுக்குள் காணப்படும், சவ்வு ஏதும் சூழாத, அடர்ந்த ஓர் அமைப்பு ஆகும். நியூக்ளியோலஸ் என்றும் புன்கரு என்றும் இதனைக் குறிப்பிடுவது உண்டு. செல்லுக்குத் தேவையான புரதங்களை உருவாக்குபவை ரைபோசோம்கள். அந்த ரைபோசோம்களின் இரு துணை அலகுகளும் உருப்பெறும் இடம் உட்கருமணி.

பாடநூல் படங்களில் உட்கருவின் நடுவே ஒரு கரும்புள்ளியாக மட்டும் இது வரையப்படுகிறது. அதனால் ஒரே சீரான ஏதோ ஒரு பொருளால் ஆன உருண்டை என்ற எண்ணம் பலருக்கும் மனத்தில் தங்கிவிடுகிறது. உண்மையில் இதற்குள் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த பல பகுதிகள் உள்ளன. அவற்றைப் பிரிக்கும் சுவர் எதுவும் இல்லை. ரைபோசோம் உருவாகும் ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு பகுதியில் நடைபெறுகிறது. அந்த வேலை நடப்பதால்தான் அப்பகுதிகளும் நிலைத்திருக்கின்றன. வேலையை நிறுத்தினால் அமைப்பே குலைந்துவிடும். உட்கருமணியின் நுண்ணமைப்பைப் புரிந்துகொள்வதற்கு இந்த ஒரு செய்தியே திறவுகோல்.

கண்டறிந்த வரலாறு

உட்கருமணி தன்னைச் சுற்றியுள்ள உட்கருப் பொருளைவிட அடர்த்தி மிகுந்தது. ஆகவே சாயம் ஏற்றாத செல்லிலும் ஒளி நுண்ணோக்கியில் இது தெளிவாகத் தெரியும். இதனால் மிகப் பழங்காலத்திலேயே ஆய்வாளர்களின் கண்ணில் பட்டுவிட்டது. 1781-இல் இத்தாலிய அறிஞர் ஃபெலிச்சே ஃபொன்டானா, விலாங்கு மீனின் தோலிலிருந்து எடுத்த செல்களை வரைந்தபோது உட்கருவுக்குள் ஒரு புள்ளியையும் சேர்த்து வரைந்தார். 1835-இல் ஜெர்மானியரான ருடால்ஃப் வாக்னர் முட்டைச் செல்களில் இதே அமைப்பை விவரித்தார்.

பார்த்தாகிவிட்டது; ஆனால் இது எதற்காக இருக்கிறது என்பது அடுத்த நூறாண்டுகளுக்கு மேல் புதிராகவே இருந்தது. 1931-இல் எமில் ஹைட்ஸ், உட்கருமணி கண்ட இடத்தில் தோன்றுவதில்லை, சில குறிப்பிட்ட குரோமோசோம்களின் குறிப்பிட்ட இடங்களில்தான் தோன்றுகிறது என்று தாவரச் செல்களில் காட்டினார். 1934-இல் பார்பரா மெக்ளின்டாக் மக்காச்சோளத்தின் 6-ஆம் குரோமோசோமில் அந்த இடத்தைத் துல்லியமாகக் குறித்து, அதற்கு உட்கருமணி அமைப்பான் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

செயல் என்ன என்ற கேள்விக்கு விடை ஒரு தவளையிடமிருந்து கிடைத்தது. ஆப்பிரிக்கத் தவளையான சீனோபஸில் உட்கருமணியே இல்லாத ஒரு திடீர்மாற்ற வகை இருந்தது. அதன் கருக்கள் ரைபோசோமிய ஆர்.என்.ஏ.வை உருவாக்குவதே இல்லை என்று 1964-இல் டொனால்ட் பிரௌனும் ஜான் கர்டனும் காட்டினர். தாயின் முட்டையில் ஏற்கெனவே சேர்த்துவைக்கப்பட்ட ரைபோசோம்களைக் கொண்டு அந்தக் கருக்கள் நீந்தும் தலைப்பிரட்டை நிலைவரை வளர்கின்றன. இருப்பு போதாமற்போகும்போது இறந்துவிடுகின்றன. உட்கருமணிக்கும் ரைபோசோமுக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனை வேறு இல்லை என்றே சொல்லலாம்.

மனிதச் செல்லில் உருவாகும் இடம்

மனிதரின் 23 இணைக் குரோமோசோம்களில் 13, 14, 15, 21, 22 ஆகிய ஐந்தும் ஒரே மாதிரித் தோற்றம் உடையவை. இவற்றில் சென்ட்ரோமியர் ஒரு முனையை ஒட்டி அமைந்திருப்பதால் ஒரு கை மிகக் குட்டையாக இருக்கும். இந்தக் குட்டைக் கைகளில்தான் ரைபோசோமிய ஆர்.என்.ஏ.வுக்கான மரபணுக்கள் உள்ளன. இணைகளாகக் கணக்கிட்டால் ஒரு செல்லில் இத்தகைய பத்து இடங்கள்.

ஒவ்வோர் இடத்திலும் ஒரே மரபணு ஒன்றன்பின் ஒன்றாகப் பலமுறை திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பிரதியின் நீளம் ஏறத்தாழ 43,000 காரங்கள். அதில் படியெடுக்கப்படும் பகுதி சுமார் 13,000 காரங்கள் மட்டுமே. பத்து இடங்களையும் சேர்த்து ஒரு செல்லில் சில நூறு பிரதிகள் உண்டு; எண்ணிக்கை ஆளுக்கு ஆள் வேறுபடும். எல்லாப் பிரதிகளும் ஒரே நேரத்தில் வேலை செய்வதும் இல்லை. கணிசமானவை அடைத்துவைக்கப்பட்ட நிலையிலேயே இருக்கும்.

ஒன்றைப்போலவே இன்னொன்று இருக்கும் நீண்ட வரிசைகளை ஒழுங்காக அடுக்கிப் படிப்பது மிகக் கடினம். 2003-இல் மனித மரபணுத்தொகைத் திட்டம் நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டபோதும் இந்த ஐந்து குட்டைக் கைகளும் வெற்றிடமாகவே விடப்பட்டன. 2022-இல் வெளியான முழுமையான வரிசையில்தான் அவை நிரப்பப்பட்டன. செல்லின் மிகப் பரபரப்பான மரபணுக்கள் நம்முடைய மரபணு வரைபடத்தில் கடைசியாக இடம்பெற்றவை என்பது ஒரு விந்தை.

பத்து இடங்கள் இருந்தும் செல்லில் பத்து உட்கருமணிகள் தெரிவதில்லை. தனித்தனியாகத் தோன்றுபவை ஒன்றோடொன்று சேர்ந்துவிடுவதால் வழக்கமாக ஒன்று முதல் சில வரையே காணப்படும். அதாவது வெவ்வேறு குரோமோசோம்களின் முனைகள் ஒரே உட்கருமணிக்குள் நெருங்கி வந்து கூடுகின்றன. இந்த நெருக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. இக்குரோமோசோம்களில் இரண்டு தம் குட்டைக் கைகளின் பகுதியில் ஒட்டிக்கொள்ளும் பிழைக்கு ராபர்ட்சோனிய இடமாற்றம் என்று பெயர். மனிதரில் அடிக்கடி காணப்படும் குரோமோசோம் மாற்றங்களுள் இது ஒன்று. டவுன் நோய்க்குறி உடையவர்களில் நூற்றுக்கு மூன்று, நான்கு பேருக்கு இதுவே காரணம்.

மூன்று பகுதிகள்

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மனித உட்கருமணியின் மெல்லிய வெட்டு ஒன்றைப் பார்த்தால் மூன்று வகைப் பகுதிகள் தெரியும். வெளிறிய சிறு தீவுகள் இழைமையங்கள். அவற்றைச் சூழ்ந்த கரிய, நெருக்கமான விளிம்பு அடர்இழைப் பகுதி. மீதி இடம் முழுவதும் 15 முதல் 20 நானோமீட்டர் அளவுள்ள மணிகளால் நிரம்பியிருக்கும். இது துகள் பகுதி.

இந்த அமைப்பை மனத்தில் இருத்துவதற்குப் பலாப்பழம் நல்ல உவமை. பழத்துக்குள் பல கொட்டைகள். ஒவ்வொரு கொட்டையைச் சுற்றியும் ஒரு சுளை. சுளைகளுக்கு இடையே எங்கும் சடை. இழைமையம் கொட்டை, அடர்இழைப் பகுதி சுளை, துகள் பகுதி சடை. ஒரு பழத்தில் சுளைகள் பல இருப்பதுபோல, வேகமாக வளரும் செல்லின் ஓர் உட்கருமணியில் இந்தக் கொட்டை–சுளை அலகுகள் பல பத்துகள் இருக்கும். ஓய்ந்திருக்கும் வெள்ளை அணுவான லிம்ஃபோசைட்டிலோ ஒரே ஓர் இழைமையத்தைச் சுற்றி வளையம்போல உட்கருமணி சுருங்கியிருக்கும். பலாவின் தோல் மட்டும் இந்த உவமையில் பொருந்தாது. உட்கருமணிக்குத் தோல் கிடையாது, செயலற்ற டி.என்.ஏ. செறிந்த ஹெட்டிரோகுரோமேட்டின்தான் அதன் ஓரத்தைச் சூழ்ந்து கிடக்கிறது.

ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்-1 என்னும் நொதியும், அதற்குத் துணைசெய்யும் யு.பி.எஃப். புரதமும் இழைமையத்தில் செறிந்திருக்கின்றன. ஆனால் படியெடுத்தல் கொட்டையின் நடுவில் நடப்பதில்லை. இழைமையமும் அடர்இழைப் பகுதியும் சந்திக்கும் எல்லையில் நடக்கிறது. பலாக்கொட்டைக்கும் சுளைக்கும் இடையே ஒரு மெல்லிய உறை இருக்குமல்லவா, ஏறத்தாழ அந்த இடத்தில். இந்த எல்லை எது என்பதில் ஆய்வாளர்களிடையே நெடுநாள் வழக்கு இருந்தது. இழைமையத்துக்குள்ளேயே என்றனர் சிலர். அடர்இழைப் பகுதியில் என்றனர் வேறு சிலர். எல்லைக்கோட்டில் நடப்பதால் இரு தரப்புக்கும் சான்றுகள் கிடைத்துக்கொண்டே இருந்தன.

படியெடுக்கப்படும் மரபணுவின் தோற்றத்தை 1969-இல் ஆஸ்கர் மில்லரும் பார்பரா பீட்டியும் படம் பிடித்தனர். நியூட் என்னும் வால் உள்ள நீர்நில வாழியின் முட்டைச் செல்லிலிருந்து உட்கருமணியை எடுத்துப் பரப்பி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, நடுவே டி.என்.ஏ. தண்டாகவும், அதிலிருந்து ஆர்.என்.ஏ. இழைகள் கிளைகளாகவும் விரிந்திருந்தன. தொடக்கத்தில் கிளைகள் குட்டை, போகப்போக நீளம். கிறிஸ்துமஸ் மரம் என்று அந்த உருவத்துக்குப் பெயர் நிலைத்தது. ஒரே மரபணுவை நூற்றுக்கு அருகான நொதிகள் வரிசையாக நின்று ஒரே சமயத்தில் படியெடுக்கின்றன என்பதற்கு அந்தப் படமே சான்று.

உள்ளிருந்து வெளியே ஒரு பயணம்

எல்லையில் பிறக்கும் ஆர்.என்.ஏ. சுமார் 13,000 காரங்கள் நீளமுள்ள ஒற்றை இழை. இதிலிருந்துதான் 18எஸ், 5.8எஸ், 28எஸ் என்ற மூன்று ரைபோசோமிய ஆர்.என்.ஏ.க்கள் வெட்டி எடுக்கப்படுகின்றன. மூன்றின் நீளத்தையும் கூட்டினால் ஏறத்தாழ 7,100 காரங்கள்தான் வரும். பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி வெட்டி நீக்கப்படுகிறது. இது வீண் அல்ல. நீக்கப்படும் பகுதிகள், கட்டி முடிக்கும்வரை நிற்கும் சாரம்போல, மற்றவை சரியாக மடிவதற்கு உதவுகின்றன.

இழையின் முன்முனை நொதியிலிருந்து வெளிவந்தவுடனே, பின்முனை இன்னும் படியெடுக்கப்பட்டுக்கொண்டிருக்கும்போதே, அதை அடர்இழைப் பகுதியின் ஃபைப்ரில்லாரின் என்ற புரதம் பற்றிக்கொள்கிறது. குறிப்பிட்ட இடங்களில் மீத்தைல் தொகுதியைச் சேர்ப்பது இதன் வேலை. எந்த இடம் என்று அதற்கு வழிகாட்டுபவை உட்கருமணிச் சிற்றார்.என்.ஏ.க்கள் எனப்படும் சிறு மூலக்கூறுகள். இன்னொரு வகைச் சிற்றார்.என்.ஏ.க்கள், டிஸ்கெரின் என்ற புரதத்துடன் சேர்ந்து, யூரிடினைச் சூடோயூரிடினாக மாற்றுகின்றன. மனித ரைபோசோமில் ஒவ்வொரு வகையிலும் ஏறத்தாழ நூறு இடங்கள் இவ்வாறு திருத்தப்படுகின்றன.

அடுத்து இழை துகள் பகுதிக்கு நகர்கிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரியும் மணிகள் வேறு எவையுமல்ல, முடிவடையும் நிலையில் உள்ள ரைபோசோம் துணை அலகுகளே. ரைபோசோமில் 80 புரதங்கள் உள்ளன. அவை உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில், பழைய ரைபோசோம்களால் செய்யப்பட்டு உள்ளே வந்து சேர்கின்றன. 5எஸ் என்னும் நான்காவது ஆர்.என்.ஏ. 1-ஆம் குரோமோசோமிலிருந்து, வேறொரு பாலிமரேஸால் படியெடுக்கப்பட்டு வருகிறது. வெவ்வேறு இடங்களில் செய்த உறுப்புகள் ஒரே இடத்தில் பொருத்தப்படுகின்றன. 18எஸ் அடங்கிய சிறிய துணை அலகு விரைவில் வெளியேறிவிடும். பெரிய துணை அலகு துகள் பகுதியில் கூடுதல் நேரம் தங்கிச் செப்பமாகிறது. வளரும் ஹீலா செல் ஒன்று ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 7,500 துணை அலகுகளை உருவாக்குகிறது என்ற கணக்கைப் பார்த்தால், இந்தக் கூட்டம் எத்தகையது என்று புரியும்.

புதிய நுண்ணோக்கிகள் காட்டியவை

ஒளி நுண்ணோக்கிக்கு இருந்த அளவெல்லையைத் தாண்டும் மீநுண் முறைகள் வந்தபின், பழைய மூன்று பகுதிகளுக்குள்ளும் மேலும் ஒழுங்கு இருப்பது தெரியவந்தது. சுளை சீரான பூச்சு அல்ல. ஷாங்காயில் லிங்-லிங் சென் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஓர் இழைமையத்தைச் சுற்றி ஃபைப்ரில்லாரின் ஏறத்தாழ 18 முதல் 24 வரையான சிறு கொத்துகளாக அமைந்திருக்கிறது. இத்தகைய ஓர் அலகில் செயல்படும் மரபணுப் பிரதிகள் இரண்டு அல்லது மூன்றுதான். புதிதாகப் பிறக்கும் இழைகளின் முன்முனைகள் இந்தக் கொத்துகளுக்குள் இழுக்கப்படுகின்றன.

அதே குழுவினர் 2023-இல் அடர்இழைப் பகுதியின் வெளிவிளிம்பில் இன்னொரு தனிப் பகுதியை விவரித்தனர். அங்கே யு.ஆர்.பி.1 என்ற புரதம் ஆர்.என்.ஏ.வின் பின்முனையைப் பிடித்துவைத்து, அது சரியாக வெட்டப்பட உதவுகிறது. இந்தப் புரதம் இல்லாவிட்டால் வெட்டப்படாத ஆர்.என்.ஏ.வைப் பிழையானது என்று கருதிச் செல்லே சிதைக்கத் தொடங்குகிறது. ஆக, ஒரே இழையின் முன்முனைக்கு ஓரிடம், பின்முனைக்கு இன்னோரிடம். இனி மூன்று பகுதிகள் என்று எழுதுவது ஒரு வசதிக்காகத்தான்.

சுவர் இல்லாமல் பகுதிகள் எப்படி?

ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்த் துளிகள் இரண்டு நெருங்கினால் ஒன்றாகிவிடும். உட்கருமணிகளும் அப்படியே. சீனோபஸ் முட்டைச் செல்லில் உட்கருமணிகள் தொட்டவுடன் இணைந்து உருண்டையாவதை 2011-இல் கிளிஃபோர்ட் பிராங்வின் குழுவினர் அளந்து காட்டினர். 2016-இல் அடுத்த கேள்விக்கு வந்தனர்: உள்ளே இருக்கும் பகுதிகள் ஏன் கலந்துவிடவில்லை? ஃபைப்ரில்லாரினையும், துகள் பகுதியின் முதன்மைப் புரதமான நியூக்ளியோபாஸ்மினையும் தூய்மைப்படுத்திக் கண்ணாடிக் குழாயில் ஆர்.என்.ஏ.வுடன் சேர்த்தபோது, இரண்டும் தனித்தனித் துளிகளாகப் பிரிந்தன. அதோடு நிற்கவில்லை, ஃபைப்ரில்லாரின் துளி, நியூக்ளியோபாஸ்மின் துளிக்குள் போய் அமர்ந்துகொண்டது. இரு திரவங்களின் பரப்பு இழுவிசை வேறுபடுவதே காரணம். செல்லில் காணும் அடுக்கு, செல்லே இல்லாமல் இரண்டு புரதங்களைக்கொண்டு உருவாகிவிட்டது.

ஆனால் திரவ இயல்பு மட்டுமே முழு விளக்கம் ஆகாது. உயிருள்ள செல்லில் அடுக்கின் நடுவிலிருந்து இடைவிடாமல் புதிய ஆர்.என்.ஏ. பிறந்து வெளியே பாய்ந்துகொண்டிருக்கிறது. சிறிய துணை அலகுக்கான வெட்டுதலைத் தடுத்தால் அடுக்குகளின் வரிசையே மாறி, உள்ளே இருக்க வேண்டியது வெளியே வந்துவிடுவதை 2025-இல் வெளியான ஆய்வு காட்டியது. எண்ணெய்த் துளிக்கு இப்படி ஒரு வேலைக்கட்டாயம் இல்லை.

கரைவதும் கூடுவதும்

செல் பிரியும்போது உட்கருமணி மறைந்துவிடுகிறது. பாலிமரேஸ்-1 வேலையை நிறுத்துகிறது. துகள் பகுதியும் அடர்இழைப் பகுதியும் கலைந்து, அவற்றின் புரதங்கள் சிதறுகின்றன. ஆனால் யு.பி.எஃப். மட்டும், செயல்பட்டுக்கொண்டிருந்த மரபணு வரிசைகளை விட்டுப் போவதில்லை. அதனால் அந்த இடங்கள் குரோமோசோமில் இடுங்கிய பகுதிகளாகத் தெரியும். கடையை மூடும்போது பலகையை மாட்டிவிட்டுப் போவது போன்றது இது. பிரிவு முடிந்தவுடன் அதே இடங்களில் படியெடுத்தல் தொடங்க, சிதறிய புரதங்கள் திரும்பி வந்து சேர்கின்றன. முதலில் பல சிறு உட்கருமணிகள். பின்னர் அவை இணைகின்றன.

வெள்ளி நைட்ரேட் இந்த இடங்களிலுள்ள சில புரதங்களைக் கறுப்பாக்கும். பழைய எளிய முறைதான் என்றாலும், செல்கள் எவ்வளவு விரைவாகப் பெருகுகின்றன என்று மதிப்பிட நோய்க்குறியியல் ஆய்வகங்களில் இது பயன்பட்டு வந்திருக்கிறது.

வேலை நின்றால்

ஆக்டினோமைசின்-டி என்ற மருந்து மிகக் குறைந்த அளவில் பாலிமரேஸ்-1-இன் வேலையை மட்டும் தடுக்கும். கொடுத்த ஓரிரு மணி நேரத்துக்குள் இழைமையமும் அடர்இழைப் பகுதியும் உள்ளிருந்து கழன்று, துகள் பகுதியின் மேற்பரப்பில் தொப்பிபோல ஒட்டிக்கொள்ளும். கொட்டையும் சுளையும் பழத்துக்கு வெளியே வந்துவிட்டன.

செல் இதைச் சும்மா விடுவதில்லை. ரைபோசோம் உருவாக்கம் தடைப்பட்டால், பொருத்தப்பட வேண்டிய 5எஸ் ஆர்.என்.ஏ., ஆர்.பி.எல்.5, ஆர்.பி.எல்.11 ஆகியவை சேர்ந்த தொகுதி வேலையின்றி மிஞ்சுகிறது. அது எம்.டி.எம்.2 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. வழக்கமாக பி53 என்னும் காவல் புரதத்தை அழித்துக்கொண்டிருப்பது இந்த எம்.டி.எம்.2. அழிப்பது கட்டுண்டதும் பி53 பெருகி, செல் பிரிவதை நிறுத்துகிறது அல்லது செல்லையே இறக்கச் செய்கிறது. ரைபோசோம் தொழிற்கூடமே செல்லின் அபாய மணியாகவும் இருக்கிறது என்பது கடந்த இருபது ஆண்டுகளில் இத்துறையில் தெளிவான முக்கியமான செய்தி. புற்றுநோய் மருந்தான ஆக்சாலிபிளாட்டின் செல்களைக் கொல்வது முதன்மையாக இந்த வழியில்தான் என்று 2017-இல் காட்டப்பட்டது. அதற்கு முன்னர், அதே குடும்பத்தைச் சேர்ந்த சிஸ்பிளாட்டின்போல டி.என்.ஏ.வைச் சிதைத்தே அது கொல்கிறது என்று கருதப்பட்டது.

நோய்களில்

புற்றுச் செல்களில் உட்கருமணி பெருத்திருப்பதை 1896-இலேயே ஜுசெப்பே பியனேசே குறித்துவைத்தார். விரைந்து பெருகும் செல்லுக்கு ரைபோசோம்கள் மிகுதியாகத் தேவை. ஆகவே தொழிற்கூடமும் பெரிது. இன்றும் திசுவெட்டைப் பார்க்கும் மருத்துவர் பெருத்த உட்கருமணியைக் கண்டால் கவனத்தைக் கூர்மையாக்குவார்.

வயது வந்தோரில் காணப்படும் கடும் மயலாய்டு இரத்தப் புற்றுநோயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் நியூக்ளியோபாஸ்மின் மரபணு மாறியிருக்கிறது. இதை 2005-இல் புருனாங்கெலோ ஃபாலினி குழுவினர் கண்டறிந்தனர். பெரும்பாலும் நான்கே காரங்கள் கூடுதலாகச் செருகப்பட்டிருக்கும். அதனால் புரதத்தின் கடைசிப் பகுதி மாறி, உட்கருமணியில் அதை நிறுத்தும் பிடி தளர்ந்து, உட்கருவை விட்டு வெளியேற்றும் குறியீடு ஒன்று உருவாகிறது. துகள் பகுதியின் தூணாக நிற்க வேண்டிய புரதம் சைட்டோபிளாசத்தில் திரிகிறது. நோயை இனங்காணும் சோதனையும் இதையே பயன்படுத்துகிறது: நியூக்ளியோபாஸ்மினுக்குச் சாயம் ஏற்றி, அது எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்ப்பது.

பிறவியிலேயே வரும் நோய்களும் உண்டு. டிஸ்கெரின் மாற்றத்தால் தோல், நகம், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றைப் பாதிக்கும் பிறவி டிஸ்கெரடோசிஸ் வருகிறது. ஆனால் இப்புரதம் குரோமோசோம் முனைகளைக் காப்பதிலும் பங்குபெறுவதால், நோய்க்குப் பெரும் காரணம் அந்தப் பணி கெடுவதே. டிரீச்சர் காலின்ஸ் நோய்க்குறியின் கதை இன்னும் தெளிவானது. இழைமையத்தில் செறிந்திருக்கும் டிரீக்கிள் என்ற புரதம் குறைந்தால் பாலிமரேஸ்-1-இன் வேலை தளர்கிறது. எல்லாச் செல்களிலும் குறைந்தாலும், கருவில் முகத்தின் எலும்புகளை உருவாக்கப்போகும் நரம்புமுகட்டுச் செல்கள்தான் தாங்கமாட்டாமல் பி53-இன் கட்டளையால் இறக்கின்றன. கன்ன எலும்பும் தாடையும் காதும் சரியாக வளராமல் குழந்தை பிறக்கிறது. எலிக் கருக்களில் பி53-ஐ நீக்கியபோது முகம் பெருமளவு இயல்பாக வளர்ந்தது என்று 2008-இல் வெளியான சோதனை காட்டியது. டிரீக்கிள் குறைவு அப்படியே இருந்தது. அபாய மணி மட்டும் ஒலிக்கவில்லை. ஆனால் புற்றுநோயிலிருந்து உடலைக் காப்பதும் அதே பி53 என்பதால், இந்தச் சோதனையை அப்படியே மருத்துவமாக மாற்ற இயலாது.